பார்த்துப் போட்டுக் கொடுங்க

போன ஏப்ரலில் வீடு மாறினேன். வேளச்சேரியில் இரண்டாவது மாடியிலிருந்து கொளத்தூரில் மூன்றாவது மாடிக்கு. இணையத்தில் பதிவு செய்த கம்பெனி ஒரு குட்டியானை வண்டியையும் நான்கு ஆட்களையும் அனுப்பியது. மொத்தம் 9,500 ரூபாய். 'எல்லாம் இதுலயே அடக்கம் சார், பசங்களுக்குத் தனியா எதுவும் குடுக்க வேணாம்' என்று போனில் சொன்னார்கள். பீரோ, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், பதினெட்டு அட்டைப்பெட்டி புத்தகம் எல்லாம் ஏறி முடிந்ததும், நால்வரில் மூத்தவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: 'பார்த்துப் போட்டுக் குடுங்க தம்பி.'

இந்த ஒரு வரியைக் கேட்டதும் நம்மில் பலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. முற்போக்கு பேசும் நண்பர்களும் இதற்கு விலக்கல்ல. 'அதான் கம்பெனிக்குக் காசு கட்டியாச்சே, அப்புறம் எதுக்கு டிப்ஸ்?' நியாயமான கேள்விதான். ஆனால் அதைக் கேட்க வேண்டிய இடம் அந்த மூத்தவர் இல்லை. டீ குடிக்கும்போது அவரிடம் நாள்கூலி என்ன என்று கேட்டேன். ஆளுக்கு 700. நால்வருக்கும் சேர்த்து 2,800. அன்று அவர்கள் பார்த்தது இரண்டு வீடு. அப்படியென்றால் நான் கட்டிய 9,500 ரூபாயில் சுமந்தவர்கள் கைக்குப் போனது 1,400. வண்டி வாடகை, டீசல், அட்டைப்பெட்டி, டேப் எல்லாம் கழித்தாலும் மிச்சம் எங்கே போகிறது என்பதைக் கண்டுபிடிக்கப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை.

டிப்ஸ் என்பது பெருந்தன்மை அல்ல, பல இடங்களில் அது முதலாளி கொடுக்காமல் விட்ட கூலி. அமெரிக்காவில் இதற்குத் தெளிவான ஒரு வரலாறு உண்டு. அங்கே அடிமைமுறை ஒழிந்த பிறகு, புல்மேன் கம்பெனி தன் சொகுசு ரயில் பெட்டிகளில் பணிசெய்யக் கறுப்பின ஆண்களை வேலைக்கு எடுத்தது. சம்பளம் சொற்பம், மீதியைப் பயணிகளின் இனாமில் பார்த்துக்கொள்ள வேண்டும். பயணிகள் அவர்கள் எல்லோரையும் 'ஜார்ஜ்' என்றே கூப்பிட்டார்கள். அது கம்பெனி முதலாளியின் பெயர். அடிமைக்கு ஆண்டையின் பெயரை வைக்கும் அதே வழக்கம். சிரித்தால்தான் காசு, சிரிக்காவிட்டால் பட்டினி. 1925இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அவர்கள் சங்கம் கட்டினார்கள். பன்னிரண்டு ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, 1937இல் கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. இனாமை நம்பி வாழ மாட்டோம், சம்பளம் வேண்டும் என்பது அந்தப் போராட்டத்தின் உயிர்நாடி.

நமக்கு இது புதிய கதையா? களத்துமேட்டில் நெல் அளந்து முடிந்தபின் ஓரமாக நிற்பவர்களுக்குப் 'பார்த்து' அளந்து போடுவது, பொங்கலுக்குப் பழைய வேட்டி, தீபாவளிக்கு இனாம், சாவு வீட்டில் காசு. வேலை கட்டாயம், கொடுப்பது மட்டும் ஆண்டையின் விருப்பம். கூலி என்றால் கேட்டு வாங்கலாம், குறைந்தால் சண்டை போடலாம். இனாம் என்றால் கைகட்டி நிற்க வேண்டும். ஊர்ப்புறத்தில் கூலி உயர்வு கேட்டவர்கள் மீது ஏன் அவ்வளவு வன்மம் பாய்ந்தது என்பது 1968இன் கீழ்வெண்மணியை அறிந்தவர்களுக்குப் புரியும்.

'கூலி' என்ற சொல்லையே பாருங்கள். வள்ளுவர் அதை உழைப்பு தரும் பயன் என்ற பொருளில்தான் ஆண்டார். பிறகு காலனியத் தோட்டங்களில் அது ஊதியத்தின் பெயராக இல்லாமல் மனிதனின் பெயராக, வசையாக மாறியது. இன்று நாமும் ரயில் நிலையத்தில் 'ஏய் கூலி' என்று கூசாமல் கூப்பிடுகிறோம்.

காசைவிட மோசமான சங்கதிகளும் வீடு மாற்றும் நாளில் நடக்கின்றன. என் புதிய குடியிருப்பில் லிஃப்ட் இருக்கிறது. 'சாமான் ஏத்துற ஆளுங்க படியில போகட்டும், லிஃப்ட் கெட்டுடும்' என்றார் சங்கச் செயலாளர். பீரோவை லிஃப்டில் வைக்க முடியாது, சரி. பீரோவை வைத்துவிட்டு வெறுங்கையோடு இறங்கும் ஆள் ஏறினால் லிஃப்ட் எப்படிக் கெடும்? அரைமணி நேரம் சண்டை போட்டுத்தான் நால்வரையும் லிஃப்டில் ஏற்ற முடிந்தது. எதிர்வீட்டு அம்மா நல்லவர், வெயிலைப் பார்த்து இரங்கித் தண்ணீர் கொண்டுவந்தார். எனக்கு எவர்சில்வர் டம்ளரில், அவர்களுக்குத் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் குவளையில். பியூன் வந்து குழாயைத் திறந்தால்தான் பள்ளியில் தண்ணீர் என்று அம்பேத்கர் தன் சிறுவயதைப் பற்றி எழுதியிருக்கிறார். குழாய் மாறியிருக்கிறது.

இன்னொன்று, பூஜை சாமான். வீட்டில் இருக்கும் அத்தனையையும், உள்ளாடை மூட்டை உட்பட, அந்நியர் தலையில் ஏற்றுவார்கள். சாமி படத்தையும் விளக்கையும் மட்டும் 'அதை நாங்களே காரில் எடுத்துக்கிறோம்' என்பார்கள். உடைந்துவிடும் என்ற பயமாம். டிவி உடையாதா?

கேரளத்தின் நோக்குக்கூலியைக் காட்டி, சுமைப்பணித் தொழிலாளர் சங்கம் என்றாலே அடாவடி என்று பேசும் ஒரு கூட்டம் இருக்கிறது. வேலை செய்யாமல் பார்த்துக்கொண்டு நின்றதற்குக் காசு கேட்பதை நாமும் ஆதரிக்கவில்லை. அங்கே 2018 மே தினத்திலிருந்து அதற்குத் தடையும் வந்துவிட்டது. ஆனால் அதே கேரளத்தில் சுமைப்பணித் தொழிலாளருக்கென்று 1978இலேயே சட்டம் வந்தது, மராட்டியத்தில் 1969இலேயே மாத்தாடிச் சட்டம் வந்தது என்பதை இவர்கள் சொல்வதில்லை. தமிழ்நாட்டிலும் 1982ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும் அதன்கீழ் நலவாரியமும் உண்டு. பதிவு செய்தவர்களுக்கு விபத்து உதவி, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, 60 வயதுக்குமேல் ஓய்வூதியம் எல்லாம் இருக்கின்றன. என் வீட்டுக்கு வந்த நால்வரில் பதிவு செய்திருந்தவர் ஒருவர்தான். மற்ற மூவருக்கும் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

ஆகவே டிப்ஸ் கொடுங்கள், கூலிக்கு மாற்றாக அல்ல, கூலி சரியாகும் வரைக்கும். ஆளுக்கு 200 ரூபாய்க்குக் குறையாமல், லிஃப்ட் இல்லாத வீடு என்றால் இன்னும் கூட்டி. ஒட்டுமொத்தமாக மேஸ்திரி கையில் திணிக்காமல், ஒவ்வொருவர் கையிலும் தனித்தனியாகக் கொடுங்கள். எவ்வளவு என்பதை வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். கடைசிவரை உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்ய வைப்பது ஒருவகை அதிகாரம். ஒரு தட்டு உடைந்தது என்று அதில் பிடிக்காதீர்கள். ஃபிரிட்ஜைத் தூக்கும் மனிதரிடம் 'செருப்பைக் கழற்றிட்டு வாங்க' என்று சொல்லாதீர்கள், கால்விரலைவிடத் தரை பெரிதல்ல. கம்பெனிக்கு மதிப்பீடு எழுதும்போது ஐந்து நட்சத்திரத்தோடு நிறுத்தாமல், இவர்களுக்கு என்ன கூலி கொடுக்கிறீர்கள் என்று ஒரு வரி கேளுங்கள். நான் கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை.

பெரியவரிடம் காசு கொடுத்தபோது அவர் எண்ணிப் பார்க்காமல் மடித்து வைத்தார். 'எண்ணிக்கோங்கண்ணா' என்றேன். எண்ணினார். பிறகு நலவாரியத்தில் சேர எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று அவருடைய தம்பி கேட்டார். முகவரியை எழுதிக் கொடுத்தேன்.