39 வயது வரை யாரால் காத்திருக்க முடியும்?



சம்பா அறுவடை முடிந்ததும் நம் தஞ்சைப் பக்கம் ஊருக்கு ஊர் 'மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி' என்று பேனர் கட்டிவிடுவார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சேரலாதன் நினைவு வரும்.

தர்மராஜ் சேரலாதன் நம் மாவட்டத்துத் திருச்சென்னம்பூண்டிக்காரர். 1975-ல் பிறந்தவர். வலது கார்னரில் நின்று, பாடி வருகிறவரின் கணுக்காலைப் பிடிப்பதில் கெட்டிக்காரர். 2016-ல் கேப்டனாக இருந்து பாட்னா அணிக்குப் புரோ கபடி கோப்பையை வாங்கிக் கொடுத்தார். அதே ஆண்டு அகமதாபாத்தில் ஈரானை வென்று உலகக் கோப்பை வாங்கிய இந்திய அணியிலும் இருந்தார். அப்போது வயது 41. 2019-ல், 44 வயதில், அரியானா அணிக்குக் கேப்டன்.

இதை எல்லோரும் தன்னம்பிக்கைக் கதையாகச் சொல்கிறார்கள். கணக்கு வாத்தியாரான எனக்கு வேறொரு கணக்கு தோன்றுகிறது. புரோ கபடி தொடங்கியது 2014-ல். அப்போதே அவருக்கு 39. மற்றவர்கள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிற வயது. அவர் உடம்பைக் காப்பாற்றி வைத்திருந்ததால் அந்த மேடை கிடைத்தது. அவர் வயதில், அவர் போலவே ஆடியவர்கள் நம் ஊர்களில் இல்லாமலா இருந்திருப்பார்கள்?

சுவீடனில் ஹேண்ட்பால் என்றொரு ஆட்டம் பிரபலம். நம் கபடி போலவே பக்கத்துக்கு 7 பேர். அந்த நாட்டின் மக்கள்தொகையே சுமார் 1 கோடிதான். ஆனாலும் அவர்களுடைய ஆண்கள் அணி 1992, 1996, 2000, 2012 என நான்கு ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கியது. சின்ன ஊர்களில்கூடக் கிளப் உண்டு. சிறுவயதிலேயே அங்கே பழகித் தேறுகிறவன், இருபது வயதை ஒட்டி ஜெர்மனி லீக் வரை சம்பளத்துக்கு ஆடப் போக முடிகிறது. திறமை ஒரு பக்கம். அது உரிய வயதில் கண்ணில் படுவது இன்னொரு பக்கம்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 'போர்ஷன் முடியவில்லை' என்று எத்தனையோ முறை பி.டி. பீரியடை நான் பிடுங்கியிருக்கிறேன். பிள்ளைகள் ஜன்னல் வழியாக மைதானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அன்று நடத்திய பின்னக் கணக்கு அவர்களுக்கு எவ்வளவு பயன்பட்டதோ, தெரியாது.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. வடுவூர் அபினேஷ் 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற கபடி அணியில் ஆடினார். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடும் இருக்கிறது. ஆனால் மின்னொளிப் போட்டியில் வாங்கிய சுழற்கோப்பையைக் காட்டி அந்த வேலையைக் கேட்க முடியாது. அங்கீகாரம் உள்ள போட்டிகளின் சான்றிதழ் வேண்டும்.

ஆகவே ஆசிரியத் தம்பி தங்கைகளே, பி.டி. பீரியடில் கை வைக்காதீர்கள். பெற்றோர்களே, பையன் நன்றாக ஆடுகிறான் என்றால் குடியரசு தின விழாப் போட்டி, முதலமைச்சர் கோப்பை என்று பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். படிப்பையும் விடவேண்டாம், ஆடுகிற காலம் குறுகியது.

சேரலாதனைக் கொண்டாடுவோம். ஆனால் அவரைப் போலக் காத்திரு என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லாதீர்கள். நாற்றங்கால் வயதில் நடவேண்டியதை அறுப்புக் காலத்தில் நட்டால் விளையுமா?