வெற்றுச் சுவருக்கு விளக்கவுரை

ஒரு வெற்றுச் சுவரைப் பற்றி எத்தனை பக்கம் எழுத முடியும்? உங்களுக்கும் எனக்கும் அரைப் பக்கத்திலேயே மூச்சு வாங்கிவிடும். ஓவிய விமர்சகர்களுக்கு வாங்காது.

ஹாலந்து ஓவியர் வெர்மீர் 1650-களின் கடைசியில் வரைந்த படம் ஒன்று ஜெர்மனியில், ட்ரெஸ்டன் மியூசியத்தில் இருக்கிறது. திறந்த ஜன்னலோரம் நின்று ஒரு இளம்பெண் கடிதம் படிக்கிறாள். முன்னால் கம்பளம், தட்டில் பழங்கள். பின்னால் மொட்டைச் சுவர். அந்தச் சுவரில் அவளுடைய தனிமையைப் பார்த்தார்கள், மௌனத்தைப் பார்த்தார்கள், உருகி உருகி எழுதினார்கள்.

1979-ல் எக்ஸ்ரே குண்டு போட்டது. சுவருக்கு அடியில் ஆளுயரத்துக்கு ஒரு க்யூபிட்! அம்பும் வில்லுமாக வரும் காதல் தெய்வம், நம்ம மன்மதனின் தூரத்துச் சொந்தம். சரி, உருகியவர்கள் அடங்கினார்களா? அதெப்படி! வெர்மீரே யோசித்துத்தான் க்யூபிட்டை அழித்தார், அதில்தான் அவர் மேதைமை என்று அதற்கும் ஒரு விளக்கம் தயாரானது.

2017-ல் படத்தைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தார்கள். க்யூபிட்டுக்கும் மேல்பூச்சுக்கும் நடுவே பழைய வார்னிஷ், அதன்மேல் அழுக்கு. அழுக்கு சேர வருஷக்கணக்காகுமே? கணக்குப் போட்டால், மேல்பூச்சு 1675-ல் வெர்மீர் செத்துப்போனதற்கும் பிறகு வேறு யாரோ அடித்தது! மைக்ராஸ்கோப்பை வைத்துக்கொண்டு கத்தியால் துளித்துளியாகச் சுரண்டி, 2021-ல் க்யூபிட்டை வெளியே கொண்டுவந்தார்கள். ஆக, இத்தனை காலம் வெர்மீரின் மௌனம் என்று கொண்டாடியது, முகம் தெரியாத ஒருத்தர் அடித்த பெயின்ட்டை.

நான் படித்தது பி.காம். ஓவியக் கல்லூரிப் பக்கம் ஒதுங்கியதில்லை. ஆனால் ஆடிட்டிங்கில் முதல் பாடமே, வவுச்சர் இல்லாமல் என்ட்ரி போடாதே என்பதுதான். இந்தக் குறியீட்டு வேட்டைக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? படத்தில் நாய் இருந்தால் விசுவாசம். கதை ஒத்துவரவில்லையா, அதே நாய் காமம். லூட் என்ற தந்தி வாத்தியம் இருந்தால் தம்பதி ஒற்றுமை, இல்லையென்றால் சல்லாபம். கிளி ஜோசியக்காரர்கூட ஒரு ஆளுக்கு ஒரு சீட்டுதான் சார் எடுப்பார்!

உள்ளர்த்தமே கிடையாது என்று நான் சொல்லவில்லை. 17-ம் நூற்றாண்டு ஹாலந்தில், ஒரு படம் போட்டு அடியில் நீதி சொல்லும் புத்தகங்கள் சக்கைப்போடு போட்டன. எட்டி டி யோங் என்ற அறிஞர் அந்தப் புத்தகங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக் காட்சிப் படங்களைப் படித்தார். 1976-ல் ஆம்ஸ்டர்டாமில் இதற்காகவே ஒரு கண்காட்சி நடத்தினார்கள். 1983-ல் ஸ்வெட்லானா ஆல்பர்ஸ் எதிர்த்து எழுதினார்: இவர்கள் நீதி போதிக்க வரையவில்லை, கண்ணில் பட்டதை அப்படியே காட்டுவதுதான் இவர்கள் கலை என்றார். இரண்டு பேரும் ஆதாரத்தோடு சண்டை போட்டவர்கள். என் புகார் அவர்கள்மேல் இல்லை. அகராதியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு ஆதாரத்தை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர்கள்மேல்தான்.

வாஷிங்டனில் இன்னொரு வெர்மீர் படம். ஒரு பெண் கையில் சின்னத் தராசு. 1696 ஏலத்தில் 'தங்கம் நிறுக்கும் பெண்' என்று 155 கில்டருக்குப் போனது. பிற்பாடு, நிறுப்பது முத்து என்றார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தட்டு இரண்டும் காலி! அவளுக்குப் பின்னால் இறுதித் தீர்ப்பு நாள் ஓவியம் மாட்டியிருக்கிறது. தீர்ப்பும் தராசும் சேர்ந்து ஏதோ சொல்கின்றன என்றால், ஒப்புக்கொள்கிறேன். மாட்டியவர் வெர்மீரே. ஆனால் வயிறு கொஞ்சம் புடைத்திருக்கிறது, ஆகவே கர்ப்பிணி, ஆகவே மேரி மாதா என்று தாவினால் எப்படி? அந்தக் கால உடை பாணியே வயிற்றை அப்படித்தான் காட்டும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்களே!

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்கிறீர்களா? உங்களுக்குத்தான். படத்தின் முன்னால் நிற்கிறீர்கள். பிடித்திருக்கிறது. உடனே ஒருத்தர் வந்து, 'அது மேலோட்டம், உள்ளே ரகசியம் இருக்கு' என்கிறார். அவ்வளவுதான், உங்கள் கண்ணை நம்புவதை விட்டுவிட்டு அவர் வாயைப் பார்க்க ஆரம்பிக்கிறீர்கள். சாவி விற்கிறவனுக்குப் பூட்டு வேண்டும். இல்லாவிட்டால் அவனே ஒன்றைச் செய்து மாட்டிவிடுவான்.

அடுத்த தடவை யாராவது உள்ளர்த்தம் என்று ஆரம்பித்தால் கூச்சப்படாமல் கேளுங்கள். அது படத்தில் இருக்கிறதா? வரைந்தவரே வைத்ததா? அவர் காலத்து ஜனங்கள் அப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி? வெளியே வந்த க்யூபிட் ஒரு முகமூடியைக் காலால் மிதித்துக்கொண்டு நிற்கிறான். காதல் வேஷத்தை ஜெயிக்கும் என்று அதற்கு அர்த்தம் சொல்கிறார்கள். நல்லது, இதற்கு வவுச்சர் இருக்கிறது.

பதில் வராவிட்டால் படத்துக்கே திரும்பிவிடுங்கள். கடிதம் படிக்கும் அந்தப் பெண்ணின் முகம் ஜன்னல் கண்ணாடியில் மங்கலாகத் தெரிகிறது, பாருங்கள். அதை எந்தப் பூச்சும் மறைக்கவில்லை. பார்க்க டிகிரியும் வேண்டாம்.