புரத மாவும் நைட்ரஜன் கணக்கும்

புரத மாவு டப்பாவின் மேலுள்ள 14 இலக்க உரிம எண்ணையும் விற்பனையாளர் நீட்டும் ஆய்வக அறிக்கையையும் கண்டவுடன், அந்த மாவை நோயாளிக்குத் துணிந்து பரிந்துரைக்கலாம் என்ற முடிவுக்கு உணவியல் வல்லுநர்கள் வந்துவிடுவதுண்டு. உரிம எண் தொழில் நடத்துபவர் இன்னார் என்று காட்டுமேயன்றி, கையிலுள்ள பேட்ச், அதாவது ஒரே தயாரிப்புச் சுற்றில் உருவான சரக்கு, சோதிக்கப்பட்டதா என்று சொல்லாது. அறிக்கையோ, முடிவுகள் அளிக்கப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும் என்று பெரும்பாலும் தன் அடியிலேயே சிறிய எழுத்தில் ஒப்புக்கொண்டுவிடுகிறது.

இவற்றினும் கவனிக்கத்தக்கது சோதனை முறை. 1883இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் யோஹான் கெல்டால் வகுத்த முறையில், மாதிரியைக் கந்தக அமிலத்தில் சிதைத்து, வெளிப்படும் நைட்ரஜனை அளந்து, புரதத்தில் ஏறத்தாழ 16 விழுக்காடு நைட்ரஜன் உண்டு என்னும் அடிப்படையில் அதை 6.25ஆல் பெருக்கிப் புரத அளவு பெறப்படுகிறது. அந்த நைட்ரஜன் எதிலிருந்து வந்தது என்று இம்முறை கேட்பதில்லை. மலிவான அமினோ அமிலமாகிய கிளைசின் எடையில் 18.7 விழுக்காடு நைட்ரஜன் என்பதால், 30 கிராம் கரண்டியளவில் 5 கிராம் கிளைசின் கலந்திருந்தால் அதுவே 5.8 கிராம் புரதமாகக் கணக்கில் ஏறும். போட்ட எடையைவிடக் கூடுதலான புரதத்தை அறிக்கை காட்டும் விந்தை இது. 2008இல் சீனாவில் குழந்தைகளுக்கான பால் மாவில் நைட்ரஜன் மிகுந்த வேதிப்பொருளான மெலமைனைக் கலந்தவர்கள் நம்பியதும் இந்தக் கணக்கைத்தான். அங்கு ஆறு குழந்தைகள் இறந்தன, ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன.

ஆகவே நைட்ரஜன் வழிப் புரத எண்ணோடு நிற்காமல், பேட்ச் எண் குறித்த அமினோ அமிலப் பகுப்பாய்வையும், புரதத்தில் பிணையாமல் தனித்து நிற்கும் அமினோ அமிலங்களின் அளவையும், அவ்விரு சோதனைகளுக்கும் ஆய்வகங்களை அங்கீகரிக்கும் தேசிய வாரியமான என்ஏபிஎல்லின் அங்கீகாரத்தை அந்த ஆய்வகம் பெற்றுள்ளதா என்பதையும் கேட்டுப் பெறுவதே தகும். தர மறுக்கும் நிறுவனத்தின் மாவைப் பரிந்துரைக்க முகாந்திரமில்லை. மோர்ப் புரதத்தில் (வே) லியூசின் என்னும் அமினோ அமிலம் சுமார் பத்தில் ஒரு பங்கு இருக்குமாதலால், 24 கிராம் புரதம் என்று சொல்லும் அவ்வகை மாவில் அது 2.5 கிராமுக்கு வெகுவாகக் குறைந்தால் ஐயுற இடமுண்டு. ஆனால் வழக்கமான அமிலச் சிதைப்பில் டிரிப்டோபேன் என்னும் அமினோ அமிலம் அழிந்துவிடும், காரச் சிதைப்பால் அதைத் தனியே அளக்க வேண்டும் என்பதால், அறிக்கையில் அதன் பத்தி வெறுமையாக இருப்பதை மட்டும் கொண்டு சரக்கைக் குறைகூறலாகாது.