கருவி பிள்ளையைக் கெடுக்காது

"போனையும் கம்ப்யூட்டரையும் கொடுத்துப் பழக்கினால் பிள்ளை மூளையை உபயோகிக்க மாட்டான். நாங்கள் இருக்கிறோம், பார்த்துக்கொள்வோம்." சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய் வட்டாரத்தில் பார்வையற்ற பிள்ளை உள்ள வீடுகளில் இந்தப் பேச்சு சர்வசாதாரணம். பாசத்தில் சொல்வதுதான், ஆனாலும் தவறு.

அன்று தோட்டத்தில் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனாள் அம்மா. இன்று கூலிம் தொழிற்பேட்டையில் ஷிப்ட். அவள் களைத்து வந்து பாடத்தை வாசித்துக் காட்டினால்தான் பிள்ளைக்குப் படிப்பு என்றால், அம்மாவுக்கு ஓவர்டைம் விழும் நாளெல்லாம் பிள்ளைக்குப் படிப்பில்லை.

ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் என்ற வசதி உண்டு. தனியாகக் காசு கட்ட வேண்டாம். திரையில் விரலை நகர்த்தினால் விரல் படுவதன் பெயரைக் குரல் சொல்லும். இருமுறை தட்டினால் திறக்கும். கணினிக்கு என்விடிஏ இருக்கிறது. பார்வையற்ற ஆஸ்திரேலியர் மைக்கேல் கர்ரன் 2006இல் தொடங்கிய இலவச மென்பொருள் அது, தமிழும் வாசிக்கும். புரியாத வரியைப் பிள்ளை பத்து முறை திருப்பிக் கேட்கலாம், யாரும் அலுத்துக்கொள்ள மாட்டார்கள். அப்படி மல்லுக்கட்டிப் படிப்பவனுக்கா மூளை மழுங்கும்?

இந்தப் பயம் பழையது. லூயி பிரெயில் 1824இல், 15 வயதில் புள்ளி எழுத்தை உருவாக்கினார். அவர் படித்த பாரிஸ் பள்ளியே பிறகு சில காலம் அதைத் தடைசெய்தது. பிரான்ஸ் அதை அதிகாரபூர்வமாக ஏற்றது 1854இல். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே அவர் காலமாகிவிட்டார்.

கருவியை வாங்கி அலமாரியில் வைத்தால் பயனில்லை என்பதும் உண்மை. காதால் மட்டும் படித்தால் எழுத்துப்பிழை மலியும். பிரெயிலும் சேர்த்துக் கற்க வேண்டும். பழக்கிவிட ஆள் வேண்டும். பள்ளியிடம் கேட்க வேண்டியது இதைத்தான்.

கேட்க உரிமையும் உண்டு. மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், 28ஆம் பிரிவில், தேவைக்கேற்ற கருவிகளையும் பாடப் பொருள்களையும் கல்வி நிலையங்கள் தர வேண்டும் என்கிறது. தராவிட்டால் தண்டனை என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை; அது பெரிய ஓட்டை. அதனால்தான் பெற்றோர் வாய் திறந்தாக வேண்டியிருக்கிறது.

"முத்திரை குத்திவிடுவார்கள்" என்று அஞ்சி ஓகேயு எனும் மாற்றுத்திறனாளி அட்டைக்குப் பதியாத குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை: துணைக்கருவி வாங்கச் சமூக நல இலாகா தரும் உதவிக்கு அந்தப் பதிவு தேவை. இந்த வாரமே போய்ப் பதியுங்கள்.