வீட்டைக் கட்டிய கை வயரிங்கும் செய்யலாமா?

வன்னியில் போருக்குப் பின் எழுந்த கல்வீடுகளில் ஏராளமானவை வீட்டுக்காரர் தாமே முன்னின்று கட்டியவை. 2012 ஒக்ரோபர் 2ஆம் திகதி வடக்கு கிழக்கில் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தின் பெரிய கட்டம், பணத்தைப் பயனாளியிடம் கொடுத்து வேலையையும் அவரிடமே விட்டது. ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா. மேசனைப் பிடிப்பது, மணல் பறிப்பது, கல்லுக்குத் தண்ணீர் விடுவது எல்லாம் குடும்பத்தின் பாடு. பின்னர் 65,000 இரும்பு வீடுகளை ஒரு பன்னாட்டு நிறுவனத்திடம் வாங்கித் தர அரசு முனைந்தபோது, வடக்கில் எதிர்ப்பு எழுந்தது. வெயிலுக்கு ஆகாது, விலை கூட, உள்ளூர்க் கைக்கு வேலை இல்லை என்ற வாதங்களின் அடியில் ஒரு தன்னம்பிக்கையும் இருந்தது: எங்கள் வீட்டை எங்களால் கட்ட முடியும்.

அந்த நம்பிக்கைக்கு வேர் ஆழம். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தலில் விளக்கு எரித்தவர்கள், சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்டவர்கள், சில துளி பெற்றோலால் உசுப்பி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் இங்குள்ளவர்கள். அப்படிப்பட்டவரிடம் போய் “வயரிங் வேலைக்கு ஆள் பிடியுங்கள்” என்றால் சிரிக்கத்தான் செய்வார். இரண்டு வயர், ஒரு சுவிட்ச், இதற்கும் கூலியா?

இந்தக் கேள்வியை அலட்சியமாகத் தள்ள முடியாது. கூலி மிச்சம் பிடிப்பது வன்னியில் ஆடம்பரமல்ல. ஆனால் தானே செய்வதா, ஆள் பிடிப்பதா என்பதைத் தீர்மானிக்கத் திறமையும் செலவும் மட்டும் அளவுகோலாகாது. முதலில் கேட்க வேண்டியது வேறு: பிழை விட்டால் அது கண்ணுக்குத் தெரியுமா?

சுவர் சரிந்தால் தூக்குக்குண்டு காட்டிக் கொடுக்கும். கூரை ஒழுகினால் முதல் மழையே சொல்லிவிடும். மின் இணைப்பு அப்படிச் சொல்வதில்லை. ஏர்த் வயர் பூட்டாத வீட்டிலும் விளக்கு எரியும், மின்விசிறி சுற்றும், தண்ணீர் மோட்டார் இறைக்கும். எல்லாம் சரி என்ற எண்ணத்திலேயே வருடங்கள் போகும். மோட்டாரின் உள்ளே காப்புறை கருகி, அதன் இரும்பு உடம்பில் மின் ஏறும் நாளில், ஈரக் காலோடு கிணற்றடிக்குப் போகிறவர்தான் பிழையைக் கண்டுபிடிப்பார்.

இதன் கணக்கு எளிது. நம் நாட்டில் பொதுவாக வீட்டுக்கான ஏர்த்தை மின்சார சபை கொண்டுவந்து தருவதில்லை. வளவுக்குள் நாம் இறக்கும் கம்பிதான் ஏர்த். மண் காய்ந்தால் அதன் மின்தடை ஏறும். வன்னியின் ஆவணி மண்ணில் ஒரு கம்பிக்கு 50 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 230 வோல்ற் கசிந்தால் அதன் வழியே ஓடுவது 4.6 அம்பியர். 20 அம்பியர் பிரேக்கருக்கு அது ஒரு சாதாரண சுமை, அசையாது. அதனால்தான் 30 மில்லி அம்பியர் கசிவிலேயே விழுகிற ட்ரிப் சுவிட்ச் தேவை. ஏர்த்தும் ட்ரிப் சுவிட்சும் சேர்ந்திருந்தால், கசிவு தொடங்கிய உடனேயே மின் நிற்கும். ஏர்த் இல்லாமல் ட்ரிப் சுவிட்ச் மட்டும் இருந்தால், அது விழுவதற்கு முதலில் ஒருவர் தொட வேண்டியிருக்கும். ட்ரிப் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை அமுக்கி அது விழுந்தால் சுவிட்ச் வேலை செய்கிறது என்று அறியலாம். ஏர்த் கம்பி நல்லதா என்று அந்தப் பொத்தான் சொல்லாது.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்தை எப்படிக் கையாள்வது என்று வன்னிக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லை. தன் வீட்டைத் தானே கட்டத் துணிந்தவர்களும் வளவுக்குள் புதைந்த கண்ணிவெடியைத் தாமே தோண்டப் புறப்படவில்லை. முகமாலை போன்ற இடங்களில் பயிற்சி பெற்றவர்கள் அங்குலம் அங்குலமாகத் தேடி, துப்புரவாகிவிட்டது என்று எழுத்தில் கொடுக்கும்வரை பல ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

கடல் கடந்த நம் உறவுகளின் வீடுகளிலும் இதே கோடு உண்டு. பிரித்தானியாவில் குளிர்காலத்துக்கு வீட்டைச் சூடாக்கும் பொயிலரைத் தானே பூட்டலாமா என்று பலர் யோசிப்பதுண்டு. தண்ணீர்க் குழாய், றேடியேற்றர் வேலைகளைக் கைப்பழக்கம் உள்ளவர்கள் செய்துவிடுவார்கள். வாயு இணைப்பு வந்ததும் கதை மாறும். 2009 ஏப்ரலிலிருந்து கூலிக்கு அந்த வேலை செய்பவர் ‘கேஸ் சேஃப்’ பதிவேட்டில் இருக்க வேண்டும். அரைகுறையாக எரியும் வாயுவிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. பார்த்துத் திருத்த முடியாத பிழையை அங்கே பதிவுபெற்ற கையிடம் விடுகிறார்கள்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. கூலிக்கு வருகிறவர் மட்டும் படித்தவரா? ஊரில் வயரிங் செய்பவர்களில் பலர் இன்னொருவருக்குக் கையாளாக நின்று தொழில் பழகியவர்கள். அவர்களிலும் கெட்டிக்காரர் உண்டு, விளக்குக்கான 1/1.13 வயரிலேயே மோட்டாரையும் கொழுவிவிட்டுப் போகிறவரும் உண்டு. கூலி கொடுத்ததாலேயே வேலை பாதுகாப்பானதாகிவிடாது. ஆகவே கோடு வீட்டுக்காரருக்கும் கூலிக்காரருக்கும் இடையில் இல்லை. சோதிக்கப்பட்ட வேலைக்கும் சோதிக்கப்படாத வேலைக்கும் இடையில்தான் இருக்கிறது.

வீடமைப்புத் திட்டம் பலித்ததற்கும் இதுவே காரணம். பணம் ஒரே தடவையில் வரவில்லை. வேலை எந்த மட்டத்துக்கு வந்திருக்கிறது என்று பார்த்த பிறகே அடுத்த தவணை வந்தது. கட்டியது குடும்பம், பார்த்தது இன்னொரு கண். மின்சாரத்தில் அந்த இரண்டாவது கண் ஒரு தடவையோடு மூடிவிடுகிறது. புதிய இணைப்புக்குப் பரிசோதனை அறிக்கை கேட்கிறார்கள். அதன் பிறகு குசினி நீள்கிறது, கிணற்றடிக்கு மோட்டார் வருகிறது, கோழிக்கூட்டுக்கு விளக்கு போகிறது. அவற்றை யாரும் பார்ப்பதில்லை.

வீட்டுக்குள் செய்யும் பிழை வேலியைத் தாண்டியும் போகும். 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு வந்தபோது, சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேற்றரை நேராகப் பிளக்கில் சொருகும் ஆசை பலருக்கு வந்திருக்கும். அப்படிச் சொருகினால் மின்சாரம் வெளிக் கம்பிக்கும் ஏறும்; டிரான்ஸ்போமர் அதைத் திருப்பி உயர் அழுத்தமாக்கும். கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவரின் உயிர் அதில் தொங்குகிறது. கூரையில் சூரியத் தகடு பூட்டுவதிலும் இதே கவனம் வேண்டும். வெயில் இருக்கும்வரை அந்த வயரை அணைக்க முடியாது.

அப்படியானால் வீட்டுக்காரர் எதைச் செய்யலாம்? சுவரில் காடி வெட்டலாம், குழாய் பதிக்கலாம், ஏர்த் கம்பிக்குக் குழி தோண்டலாம், தரமான வயரையும் சதுரக் கால் 13 அம்பியர் பிளக்கையும் தானே பார்த்து வாங்கலாம். கூலியில் ஒரு நல்ல பங்கு அங்கேயே மிச்சமாகும். இணைப்புப் பெட்டியும் சோதனையும் தகைமை பெற்றவருக்கு. அவர் காப்புறையையும் ஏர்த்தின் தடையையும் கருவி வைத்து அளந்து, இலக்கத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்தத் தாளைக் காணி உறுதியோடு வைக்க வேண்டும்.

கருவியும் ஆளும் எட்டாத தூரத்தில் இல்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கின்றன. பிரதேச சபைகளும் கூட்டுறவுச் சங்கங்களும் அவற்றோடு சேர்ந்து, குறைந்த கட்டணத்தில் வீட்டு மின்சோதனை நாள்களை ஊர் ஊராக நடத்தலாம். ஆண் துணையின்றிக் குடும்பம் நடத்தும் பெண்களின் வீடுகளிலிருந்து தொடங்குவது நியாயம். பக்கத்து வீட்டுப் பெடியன் போட்டுத் தந்த இணைப்பை நம்பி இருப்பவர்கள் அவர்களில் பலர்.

அதுவரை கையில் காசு போதாவிட்டால் ஓர் அறையின் விளக்கைப் பிற்போடலாம். ஏர்த் கம்பியையும் ட்ரிப் சுவிட்சையும் பிற்போடக் கூடாது.