தண்ணீரில் போட்டுப் பார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வேட்டைக்காரன் இல்லை. துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. ஆனாலும் போன குளிர்காலம் முழுக்க, அசைன்மெண்ட்களுக்கு நடுவே, வாத்து வேட்டைக்கான மர வாத்து ஒன்றைச் செதுக்கிக்கொண்டிருந்தேன். "உனக்கு எதுக்குடா இந்த வேலை?" என்று அறை நண்பன் கேட்டான். அன்றைக்குப் பதில் சொல்ல வரவில்லை. இப்போது முயன்று பார்க்கிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: இங்கே அமெரிக்காவில் இதை 'டிகாய்' என்பார்கள். மரத்தில் வாத்து செய்து, வண்ணம் பூசி, கயிறு கட்டி நீரில் மிதக்க விடுவார்கள். மேலே பறந்து போகிற வாத்துகள், நம் கூட்டம் கீழே நிம்மதியாக இருக்கிறது என்று நம்பி இறங்கும். நாணலுக்குள் ஆள் துப்பாக்கியோடு காத்திருப்பார். அவ்வளவுதான் தந்திரம். நம்மிடம் இதற்கு ஒரு பழைய சொல் உண்டு: பார்வை. மற்ற விலங்குகளை இழுப்பதற்காக வேடன் பழக்கி வைத்திருக்கும் விலங்குக்கு அந்தப் பெயர். புறநானூற்றின் 320ஆம் பாட்டில் ஒரு வேட்டுவன் வீட்டில் அப்படி ஒரு பெண்மான் வருகிறது.

இங்கேயும் இது நேற்று வந்த வேலை இல்லை. 1924-இல் நெவாடா மாநிலத்தின் லவ்லாக் குகையைத் தோண்டியபோது, கோரைப்புல்லைக் கட்டிச் செய்த 11 வாத்துகள் கிடைத்தன. சுமார் 2,000 வருடப் பழசு. ஆனால் மர வாத்து உச்சத்துக்குப் போனது 19ஆம் நூற்றாண்டில், நான் படிக்கிற மேரிலாண்டின் செசபீக் விரிகுடா போன்ற இடங்களில். ரயில் வந்ததும் வாத்துக் கறி பெரிய நகரங்களின் ஹோட்டல்களுக்குப் போக ஆரம்பித்தது. சந்தைக்காகச் சுட்டவர்கள், தங்களைச் சுற்றி நூற்றுக்கணக்கில் மர வாத்துகளை மிதக்கவிட்டுச் சுட்டுத் தள்ளினார்கள். 1918-இல் வலசைப் பறவைகளுக்கான சட்டம் வந்தபிறகுதான் அந்த வியாபாரம் ஒழிந்தது. பிறகு பிளாஸ்டிக் வந்தது, மர வாத்து அலமாரி ஏறியது.

ஏறிய இடத்தில் விலையும் ஏறியது. மாசசூசெட்ஸைச் சேர்ந்த எல்மர் குரோவெல் (1862-1952) செய்த இரண்டு பறவைகள் 2007-இல் கைமாறின. ஒவ்வொன்றும் 11 லட்சம் டாலருக்கு மேல்! இன்னொரு பக்கம், இறகின் ஒவ்வொரு நாரையும் சூடான பேனாவால் மரத்தில் சுட்டுச் சுட்டு வரைந்து, நிஜப் பறவையோ என்று மயங்க வைக்கும் அலங்கார வாத்துகள். பார்த்தால் வாய் பிளக்கும், மறுக்கவில்லை.

ஆனால் என் கட்சி வேறு. தண்ணீரில் இறங்காத வாத்து எனக்கு வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். அவர் கொடுத்தது ஒரு வெள்ளை சீடார் கட்டை. லேசான மரம், தண்ணீரில் சீக்கிரம் அழுகாது. மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் வரைந்து வெட்டி, இரண்டு பக்கமும் கைப்பிடி உள்ள கத்தியால் நம் பக்கமாக இழுத்து இழுத்து உடம்பை உருட்ட வேண்டும். பிறகு அரம், பிறகு உப்புத்தாள். தலை தனிக் கட்டை. என் முதல் தலையில் அலகு பொசுக்கென்று உடைந்தது. மரத்தின் நார் அலகின் நீளத்துக்கு ஓட வேண்டுமாம். நான் குறுக்கே வெட்டியிருந்தேன். இரண்டாவது தலை தப்பித்தது.

வண்ணமெல்லாம் பூசி, நாலு பேரிடம் காட்டி, நாலு பேரும் "சூப்பர்" என்ற பிறகு அவரிடம் எடுத்துப் போனேன். அவர் வாத்தைப் பார்க்கவே இல்லை. "தண்ணியில போட்டுப் பாரு" என்றார். போட்டேன். இடது பக்கம் சாய்ந்துகொண்டு, ஏதோ காது வலி வந்த மாதிரி மிதந்தது :-) தலைகீழாகப் போட்டால் தானே புரண்டு நிமிர வேண்டும். என்னுடையது வயிற்றைக் காட்டிக்கொண்டு அப்படியே கிடந்தது. அடியில் ஈய எடையை நகர்த்தி நகர்த்தி, அது நிமிர மூன்று வாரம் ஆனது.

அந்த மூன்று வாரத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். புராஜெக்ட் வைவாவில் பேசிச் சமாளித்திருக்கிறேன். ஓடாத புரோகிராமை ஓடுகிற மாதிரி காட்டியிருக்கிறேன். தண்ணீரிடம் அந்தப் பேச்சு எடுபடவில்லை. எக்ஸ்டென்ஷன் கேட்கவும் வழியில்லை. நம் படிப்பில் இப்படி ஒரு பரீட்சை அபூர்வம்.

இன்னொன்று, பார்க்கக் கற்றுக்கொண்டேன். கேம்பஸ் குளத்தில் மல்லார்ட் வாத்துகளை இரண்டு வருடமாகத் தினமும் பார்த்தவன்தான். ஆண் வாத்தின் வாலுக்கு மேல் கறுப்பாக ஓரிரு இறகு சுருண்டு நிற்கும் என்பது, செதுக்க உட்காரும் வரை கண்ணில் படவே இல்லை. கழுத்தை நீட்டினால் பயந்திருக்கிறது என்று அர்த்தம், தலையை உள்ளிழுத்துக்கொண்டால் நிம்மதி. கழுத்து நீண்ட மர வாத்தைப் பார்த்து மற்றவை இறங்க யோசிக்கும். பறவையை ஏமாற்றக்கூட அதை முழுசாகத் தெரிந்திருக்க வேண்டும். இந்த ஊர்க்காரர்களான வார்டு சகோதரர்கள், லெம்மும் ஸ்டீவும், தொழிலால் முடிதிருத்துபவர்கள். தாங்கள் மரத்தில் கள்ளப் பறவை செய்பவர்கள் என்று கடைப் பலகையிலேயே எழுதி வைத்தார்கள். கலைஞர்கள் என்று போட்டுக்கொள்ளவில்லை.

சரி, நண்பனின் கேள்விக்கு வருவோம். கொல்வதற்காகச் செய்த கருவிதானே இது? ஆமாம். மழுப்ப விரும்பவில்லை. பழைய வாத்துகள் சிலவற்றில் சன்னம் பாய்ந்த துளைகள் இன்னும் இருக்கின்றன. கண்ணாடிப் பெட்டியில் வைத்து 'கலை' என்று மட்டும் சொன்னால் அந்தத் துளை மறந்துபோகிறது. அலங்கார வாத்தோடு எனக்குள்ள சண்டையே அதுதான். அதே நேரம் வேட்டைக்காரர்களை மொத்தமாக வில்லனாக்கவும் முடியவில்லை. 1934 முதல் இங்கே நீர்ப்பறவை வேட்டைக்கு மத்திய அரசின் முத்திரை ஒன்றை வாங்கியாக வேண்டும். அந்தப் பணத்தில்தான் ஏராளமான சதுப்பு நிலங்கள் வாங்கிக் காக்கப்படுகின்றன. சுடுகிறவன் காசில் பறவைக்கு வீடு. இந்தக் கணக்கு எனக்கு முழுசாக ஒத்துவரவில்லை, ஆனாலும் கணக்கு அப்படித்தான் இருக்கிறது.

"அப்போ சுடாம மிதக்க மட்டும் விடுற உன் வாத்தும் அலங்காரம்தானே?" என்று நண்பன் மடக்கினான். பாதி உண்மை. என் வாத்து யாரையும் கொல்லப் போவதில்லை. ஆனால் அது செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறதா என்று நான் சோதித்துப் பார்த்திருக்கிறேன். அந்த வித்தியாசம் எனக்குப் போதும்.

இரண்டாவது வாத்துக்குக் கட்டை வாங்கியாயிற்று. இந்தத் தடவை வண்ணம் பூசுவதற்கு முன்பே தண்ணீரில் போட்டுப் பார்த்துவிடுவேன்.