துருப்பிடித்தால் தூக்கி எறிவதா?



பேரனின் சைக்கிள் ஷூவில், பெடலோடு பூட்டும் கிளீட்டின் போல்ட்டுகள் துருவேறி இறுகிவிட்டன. "ஷூவையே மாத்திடுங்க சார்" என்கிறார் கடைக்காரர்! கழற்றத் தெரியாதவர் விற்க மட்டும் முந்துவானேன்?

போல்ட் தலைக்குழியில் மண் அடைத்திருந்தால் 4 மி.மீ. ஆலன் கீ எப்படி முழுதாக இறங்கும்? அரைகுறையாகத் திருகினால் குழி வழுக்கிவிடும். பழி துருவின் மேல்!

ஊசியால் மண்ணைக் குடைந்தேன். துரு இளக்கும் எண்ணெய் விட்டு (தேங்காய் எண்ணெய் அல்ல) ஓர் இரவு வைத்தேன். காலையில் கீயைச் சுத்தியலால் தட்டி இறக்கித் திருகினேன். நான்கில் மூன்று வந்துவிட்டன. நான்காவதின் தலையை டிரில் போட்டுத்தான் எடுக்க முடிந்தது.

மாட்டும்போதே மரையில் துளி கிரீஸ் தடவியிருந்தால் இந்தக் கூத்தே இல்லை. மாட்டிக் கொடுத்தவர் யார்? அதே கடைக்காரர்தான்.